லோடிங் காயில் சிக்னலை எவ்வளவு தாமதப்படுத்துகிறது?

காரின் மேல் நிற்கும் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக நடத்தும் ரேடியோ) ஆண்டெனாவைப் பார்த்தால், அடியிலோ நடுவிலோ ஒரு கம்பிச் சுருள் தடிமனாகத் தெரியும். அதுதான் லோடிங் காயில். அது எதற்கு என்று எந்த ஹாமிடம் கேட்டாலும், "ஆண்டெனா குட்டை இல்லையா, குறையற நீளத்தை இது ஈடுகட்டுது" என்பார். அதுவரை சரி. அடுத்து என்ன சொல்கிறார் என்பதில்தான் வம்பு. ஒரு சாரார், குறைந்துபோன நீளத்தைக் கடக்க அலைக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ அவ்வளவு நேரம் அது காயிலுக்குள் தங்கி வருகிறது என்பார்கள். இன்னொரு சாரார், காயிலின் இரண்டு முனையிலும் கருவி வைத்துப் பார்த்தாயிற்று, தாமதம் என்று ஒன்றுமே இல்லை என்று அடித்துச் சொல்வார்கள்.

இரண்டுமே தவறு. ஆனால் இரு தரப்பும் ஏதோ ஒரு அளவீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள் என்பதால், சண்டை பல ஆண்டுகளாக ஓயாமல் நடக்கிறது. தாமதம், கட்டம் (அலை தன் சுழற்சியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது), ஒத்ததிர்வு என்ற மூன்று விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் இதன் வேர். பிரித்துப் பார்த்தால் பெரிய கணிதம் எதுவும் தேவையில்லை.

ஆண்டெனாவுக்கு ஏன் ஒரு குறிப்பிட்ட நீளம்?

இந்தியாவில் ஹாம்கள் அதிகம் கூடும் இடங்களில் ஒன்று 40 மீட்டர் பேண்ட் என்ற அதிர்வெண் பட்டை. அதில் 7.1 மெகாஹெர்ட்ஸை எடுத்துக்கொள்வோம். அலை ஒரு சுழற்சியை முடிக்க 141 நானோ செகண்ட் ஆகிறது. ஒரு நானோ செகண்ட் என்பது ஒரு செகண்டில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ரேடியோ அலை காற்றில் சுமார் 30 சென்டிமீட்டர் போகும். அப்படியானால் ஒரு சுழற்சிக்குள் அது 42 மீட்டருக்குச் சற்று அதிகமாகப் போகிறது. இதுதான் அலைநீளம்.

இதில் கால் பங்கு, அதாவது ஏறத்தாழ 10.5 மீட்டர் உயரக் கம்பியை நிலத்தில் செங்குத்தாக நட்டு அடியில் மின்னோட்டம் கொடுத்தால், அலை மேலே போக 35 நானோ செகண்ட் ஆகும். நுனியில் கம்பி முடிந்துவிடுகிறது, மின்னோட்டத்துக்குப் போக வழியில்லை. எனவே அது தலைகீழாகப் புரண்டு திரும்புகிறது. இறங்கி வர இன்னொரு 35. மொத்தம் அரைச் சுழற்சி நேரம். அரைச் சுழற்சி என்றால் மறுபடியும் ஒரு தலைகீழ். இரண்டு முறை புரண்டதால், திரும்பி வந்த அலை அடியில் புதிதாகப் புறப்படும் மின்னோட்டத்தோடு சரியாகச் சேர்ந்துகொள்கிறது. டிரான்ஸ்மிட்டர் சிறிது தள்ளினாலே பெரிய மின்னோட்டம் ஓடும். இப்படித் தாளம் பொருந்தும் நிலைக்குத்தான் ஒத்ததிர்வு என்று பெயர்.

ஒரு முழுச் சுழற்சியை 360 டிகிரி என்று வைத்துக்கொள்வது வழக்கம். அப்போது 10.5 மீட்டர் கம்பி 90 டிகிரி. காரின் மேல் வைக்கும் 2.4 மீட்டர் விப் ஆண்டெனா (சாட்டை போல நிற்கும் ஒற்றைக் கம்பி) 20 டிகிரிதான் வரும். 70 டிகிரி குறைகிறது. நேரத்தில் சொன்னால் 27 நானோ செகண்ட்.

இந்த "குறையும் 70 டிகிரி"தான் எல்லாக் குழப்பத்துக்கும் தாய். குறைவது 70 டிகிரி, காயில் போட்டதும் ஒத்ததிர்வு வந்துவிடுகிறது, அப்படியானால் காயில் 70 டிகிரி தாமதம் கொடுத்திருக்க வேண்டும். பார்வைக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அலை போய்வரும் நேரம் மட்டும்தான் ஒத்ததிர்வைத் தரும் என்று இந்த வாதம் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டுவிட்டது.

ஸ்பிரிங் தூளி சொல்லும் பாடம்

வீட்டில் ஸ்பிரிங் மாட்டிய தூளியைப் பார்த்திருப்பீர்கள். மூன்று மாதக் குழந்தையைப் போட்டு லேசாக இழுத்து விட்டால் படபடவென்று மேலும் கீழும் ஆடும். அதே தூளியில் ஒரு வயதுக் குழந்தையைப் போட்டால் நிதானமாக ஆடும். ஏன்? எடை அதிகம் உள்ள பொருள் வேகம் எடுக்கவும் நேரமாகும், நிற்கவும் நேரமாகும். நாம் கொடுத்த தள்ளல் குழந்தையின் காலிலிருந்து தலைக்குப் போய்ச் சேர நேரமாகிறது என்பதால் அல்ல.

ஸ்பிரிங்கை மாற்றிப் பாருங்கள். விறைப்பான ஸ்பிரிங் போட்டால் ஆட்டம் வேகமாகும். பழைய நிதானம் திரும்ப வேண்டுமென்றால் எடையைக் கூட்ட வேண்டும். தூளியின் தாளத்தை எடையும் ஸ்பிரிங்கும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அதில் பயண நேரம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

குட்டை விப் என்பது விறைப்பான ஸ்பிரிங். மின்சாரத்தில் ஸ்பிரிங்கின் வேலையைச் செய்வது மின்தேக்குத்திறன், அதாவது ஒரு பொருள் எவ்வளவு மின்னூட்டத்தைச் சுலபமாகத் தேக்கி வைக்கும் என்ற அளவு. சின்னக் கம்பியில் கொஞ்சம்தான் தேங்கும், அதற்குள்ளேயே மின்னழுத்தம் எகிறிவிடும். எடையின் வேலையைச் செய்வது மின்தூண்டல் எண். மின்னோட்டத்தைத் திடீரென்று கூட்டவும் விடாமல் குறைக்கவும் விடாமல் முரண்டு பிடிக்கும் குணத்தின் அளவு அது. கம்பியைச் சுருளாகச் சுற்றினால் இந்தக் குணம் பல மடங்காகும். அலகு ஹென்றி. நம் வேலைக்கு அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோஹென்றி போதும்.

காயில் இல்லாத 2.4 மீட்டர் விப் தன்னளவில் 31 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒத்ததிரும். லோடிங் காயில் என்ற எடையைக் கட்டி அதை 7.1-க்கு இழுத்து வருகிறோம். நடப்பது இவ்வளவுதான்.

காயில் என்ன வேலை செய்கிறது

மாறுதிசை மின்னோட்டத்தைத் தடுக்கும், ஆனால் மின்தடையைப் போல வெப்பமாக்கி வீணாக்காத எதிர்ப்புக்கு மின்மறுப்பு என்று பெயர். இதுவும் ஓமில்தான் அளக்கப்படும். மின்தேக்கியின் மின்மறுப்பும் காயிலின் மின்மறுப்பும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. ஒன்றால் மின்னோட்டம் முந்தும், மற்றதால் பிந்தும்.

சுமார் 6 மில்லிமீட்டர் தடிமனும் 2.4 மீட்டர் உயரமும் உள்ள விப் 7.1 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 1000 ஓம் மின்தேக்கி மின்மறுப்பைக் காட்டும். அதே அளவு எதிர் மின்மறுப்பு உள்ள காயிலை அடியில் தொடராக வைத்தால் இரண்டும் கழிந்து பூஜ்யமாகிவிடும். கணக்குப் போட்டால் 23 மைக்ரோஹென்றி வருகிறது.

இப்போது ஒரு கற்பனைக் காயிலை நினைத்துக்கொள்ளுங்கள். 23 மைக்ரோஹென்றி இருக்கிறது, ஆனால் அளவு ஒரு புள்ளி. நீளமே இல்லை. உள்ளே நுழைந்த மின்னோட்டம் அந்த நொடியே வெளியே வந்துவிடும், பயண நேரம் சுத்தமாகப் பூஜ்யம். இந்தக் காயிலை வைத்தாலும் விப் 7.1-ல் ஒத்ததிரும். தாமதமே இல்லாத ஒரு பொருளால் முழு வேலையும் நடக்கிறது என்றால், தாமதத்தால்தான் ஒத்ததிர்வு வருகிறது என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

இதைவிட எனக்குப் பிடித்த சான்று இன்னொன்று உண்டு. காயிலை அடியிலிருந்து எடுத்து விப்பின் நடுவில் வையுங்கள். மொத்த உயரம் அதேதான், குறையும் டிகிரியும் அதே 70. ஆனால் 23 மைக்ரோஹென்றி இப்போது போதாது, ஏறத்தாழ இரட்டிப்பாக 46 வேண்டும். மொபைல் ஆண்டெனா கட்டியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த அனுபவ உண்மை இது. நடுவில் வைத்ததும் காயிலுக்கு மேலே பாதிக் கம்பிதான் மிஞ்சுகிறது. மின்தேக்குத்திறன் பாதி, ஸ்பிரிங் இரண்டு மடங்கு விறைப்பு, எனவே எடையும் இரண்டு மடங்கு. காயில் வெறுமனே 70 டிகிரியை நிரப்பும் பொருளாக இருந்தால் இடம் மாறியதும் இப்படி இரட்டிப்பாக ஒரு காரணமும் இல்லை. (இவ்வளவு சிரமப்பட்டு நடுவில் ஏன் வைக்க வேண்டும் என்றால், கீழ்ப்பாதிக் கம்பி முழுவதும் நல்ல மின்னோட்டம் ஓடும், கதிர்வீச்சு கூடும். அது தனிக் கதை.)

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: குட்டை ஆண்டெனா விறைப்பான ஸ்பிரிங், காயில் எடை, இரண்டும் சேர்ந்து தாளத்தை இறக்குகின்றன. இதற்குக் காயிலுக்குள் நேரம் கழிய வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

சுருட்டி வைத்த கம்பி என்ற கதை

"மீதிக் கம்பியைத்தான் சுருட்டி வைத்திருக்கிறோம்" என்றும் சிலர் சொல்வார்கள். ஒரு நிமிடம் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு 34 சுற்று சுற்றினால் ஏறத்தாழ 23 மைக்ரோஹென்றி கிடைக்கும். அதற்கு ஆகும் கம்பி 5.3 மீட்டர். குறையும் நீளமோ 8 மீட்டருக்கு மேல். கணக்கு உதைக்கிறது. விட்டத்தை மாற்றினால், சுற்றை நெருக்கினால், அதே 23 மைக்ரோஹென்றிக்கு வேறு நீளக் கம்பி வரும். கம்பி நீளத்துக்கும் குறையும் நீளத்துக்கும் நேரடி உறவு கிடையாது.

அலை கம்பியைப் பிடித்துக்கொண்டே சுற்றிச் சுற்றித்தான் மேலே போகிறது என்ற படமும் சரியில்லை. முதல் சுற்றின் காந்தப்புலம் பக்கத்துச் சுற்றுகளையும் ஊடுருவி நிற்கிறது. அங்கே மின்னோட்டம் மாறினால் அதன் பாதிப்பு கம்பி வழியாக வரும்வரை காத்திருக்காமல் பக்கத்துச் சுற்றுகளில் தெரிந்துவிடும். சுற்றுக்குச் சுற்று இப்படிக் கைகோத்திருப்பதால்தான் சுருளுக்கு இவ்வளவு மின்தூண்டல் எண்ணே கிடைக்கிறது.

அப்படியானால் தாமதம் எங்கிருந்து வருகிறது?

புள்ளியளவு காயில் கற்பனை. நிஜக் காயிலில் கொஞ்சம் தாமதம் இருக்கத்தான் செய்கிறது. அது வருவதற்கு மின்தூண்டல் எண் மட்டும் போதாது. காயிலின் ஒவ்வொரு பகுதிக்கும் சுற்றுப்புறத்துக்கும் இடையே, அதாவது நிலம், கார் கூரை ஆகியவற்றோடு, சிறிது மின்தேக்குத்திறன் இருக்கிறது. எடையும் ஸ்பிரிங்கும் மாறி மாறிச் சங்கிலியாகக் கோத்தால்தான் ஒரு தள்ளல் அதில் தவழ்ந்து போகும். ஒவ்வொரு எடையும் அசைந்து தன் ஸ்பிரிங்கை நிரப்பிவிட்டுத்தான் அடுத்ததை அசைக்கும். விதி எளிது: மொத்த மின்தூண்டல் எண்ணையும் மொத்த மின்தேக்குத்திறனையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், கடந்து போக ஆகும் நேரம் தோராயமாக வந்துவிடும்.

இந்த விதி மிகப் பெரிய அளவில் வேலை செய்த இடம் ரேடியோ அல்ல, தொலைபேசி. லோடிங் காயில் என்ற பெயரும் அந்த உலகத்தில் பரவலானதுதான். நீண்ட கேபிளில் குரல் மங்கிச் சிதைந்த காலத்தில், கேபிளின் மின்தூண்டல் எண்ணைக் கூட்டினால் சிதைவு குறையும் என்று ஆலிவர் ஹெவிசைடு 1887-லேயே காட்டினார். அப்புறம் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பூப்பினும், பெல் நிறுவனத்தின் ஜார்ஜ் கேம்ப்பெலும் தனித்தனியே அதை நடைமுறைக்குக் கொண்டுவர வழி கண்டார்கள். காப்புரிமை 1900-ல் பூப்பினுக்குக் கிடைத்தது. பின்னாளில் அமெரிக்காவில் பெருவழக்காக இருந்த ஒரு முறையில் 6000 அடிக்கு ஒன்று வீதம் 88 மில்லிஹென்றி காயில்களைக் கேபிளில் கோத்தார்கள்.

அந்த இடைவெளியில் கேபிளின் மின்தேக்குத்திறன் ஏறத்தாழ 95 நானோஃபாரட் (மின்தேக்குத்திறனின் அலகு ஃபாரட்). விதியில் போட்டால் ஒரு துண்டைக் கடக்க 91 மைக்ரோ செகண்ட் ஆகிறது. வேகம் செகண்டுக்குச் சுமார் 20,000 கிலோமீட்டர், ஒளி வேகத்தில் பதினைந்தில் ஒரு பங்கு. அங்கே லோடிங் காயில் சிக்னலை மெய்யாகவே மெதுவாக்குகிறது, மிகத் தாராளமாக. காரணம், காயிலின் இருபுறமும் கேபிளின் பெரிய மின்தேக்குத்திறன் உட்கார்ந்திருக்கிறது. அந்த அனுபவத்தை அப்படியே தூக்கிக்கொண்டு ஆண்டெனாவுக்கு வந்தால் ஏமாந்துபோவோம். ஆண்டெனா காயிலைச் சுற்றி இருப்பது சில பிகோஃபாரட்தான், நானோஃபாரடில் ஆயிரத்தில் சில பங்கு.

நம் 23 மைக்ரோஹென்றி காயிலுக்குச் சுற்றுப்புறத்தோடு 3 பிகோஃபாரட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த அளவுச் சுருளுக்குப் பொருத்தமான எண்தான். வர்க்கமூலம் 8 நானோ செகண்டைச் சற்றுத் தாண்டும். டிகிரியில் 20 சொச்சம். 10 சென்டிமீட்டரை ஒளி கடக்கும் மூன்றில் ஒரு நானோ செகண்டைவிட இது மிக அதிகம். கம்பி நீளத்துக்குரிய 18 நானோ செகண்டைவிடக் குறைவு. ஒரு சாரார் சொல்லும் 27-ஐவிட மிகக் குறைவு. பூஜ்யமும் இல்லை, முழுசும் இல்லை.

விட்டுப்போன டிகிரி எங்கே?

இங்கே கூர்மையான வாசகர் குறுக்கே கேட்பார். காயில் 20 டிகிரி, விப் 20 டிகிரி, மொத்தம் 40. ஒத்ததிர்வுக்கு 90 வேண்டாமா, மீதி 50 எங்கே?

முழுதும் ஒரே தன்மையுள்ள கம்பிக்குத்தான் 90 டிகிரி விதி பொருந்தும். நம் ஆண்டெனா அப்படி இல்லை. ஒரு பாதையில் ஒரே திசையில் ஓடும் அலைக்கு மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் இணைக்கும் விகிதம் ஒன்று உண்டு. அதைச் சிறப்பு மின்னெதிர்ப்பு என்போம். விப்புக்கு அது 400 ஓமுக்குச் சற்றுக் குறைவு. காயிலுக்கோ 2700 ஓம் பக்கம். இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் அலைக்குத் திடீர் மாற்றம். ஒரு பகுதி அங்கேயே மோதித் திரும்புகிறது, மீதி தாண்டிப் போகிறது. இப்படிப் பல முறை முன்னும் பின்னும் மோதிய அலைகள் எல்லாம் கூடும்போது, பயணமே செய்யாமல், அந்தச் சந்திப்பிலேயே கட்டம் ஒரு தாவு தாவிவிடுகிறது. கட்டம் என்றால் அலை தன் சுழற்சியில் இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்பதன் அளவு.

மீதி 50 டிகிரி இந்தத் தாவலில் கிடைத்துவிட்டது. அதற்கு எந்த நேரமும் ஆகவில்லை. காயிலைச் சிறியதாக்கச் சிறியதாக்க, அதற்குள் பயணத்தில் கழியும் டிகிரி குறையும், சந்திப்பில் கிடைக்கும் தாவல் கூடும். புள்ளியளவு கற்பனைக் காயிலில் முழு 70 டிகிரியுமே தாவல்தான். ஆக, "காயில் 70 டிகிரி தருகிறதா" என்று கேட்டால், காயில் வந்ததால் 70 டிகிரி ஈடாகிறது என்பது உண்மை. 70 டிகிரி நேரம் காயிலுக்குள் கழிகிறது என்பதுதான் பொய்.

அளந்து பார்த்தவர்களும் ஏமாந்தது எப்படி

இரண்டாவது கட்சிக்கு வருவோம். காயிலுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று மின்னோட்டத்தை உணரும் இரண்டு டோராய்டு வளையங்களை மாட்டி, அலை வடிவத்தைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தால் இரண்டு அலைகளும் ஒன்றாகவே ஏறி இறங்கும். இடைவெளியே தெரியாது. "பார், தாமதம் பூஜ்யம்!"

ஆண்டெனாவில் ஓடுவது ஒரே திசை அலை என்றால் அந்த முடிவு சரி. ஆனால் அங்கே மேலே போகும் அலையும் நுனியில் திரும்பி இறங்கும் அலையும் ஏறக்குறைய சம பலத்தில் கலந்திருக்கின்றன. எதிரெதிரே ஓடும் இரண்டு சம அலைகள் சேர்ந்தால் கிடைப்பது நிலை அலை. அதில் எல்லாப் புள்ளிகளும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போய் ஒரே நேரத்தில் பூஜ்யத்துக்கு வரும். வேறுபடுவது உச்சத்தின் அளவு மட்டுமே. காயிலே இல்லாத முழு 10.5 மீட்டர் ஆண்டெனாவில் அடியிலும் ஏழு மீட்டர் உயரத்திலும் அளந்தாலும் கட்டம் ஒன்றாகத்தான் காட்டும். அதை வைத்து ஏழு மீட்டரைக் கடக்க அலைக்கு நேரமே ஆகவில்லை என்று யாராவது சொல்வார்களா? நிலை அலையின் கட்டத்தை அளந்து தாமதத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது. தகவல் அங்கே இல்லை.

தகவல் உச்சத்தின் அளவில் இருக்கிறது. நம் எடுத்துக்காட்டில் காயிலின் அடியில் 100 மில்லிஆம்பியர் ஓடினால் மேல் முனையில் 94 வெளிவரும். காணாமல் போன 6, காயிலின் மின்தேக்குத்திறன் வழியாகச் சுற்றுப்புறத்துக்குக் கசிந்தது. கற்பனைப் புள்ளிக் காயிலில் 100-க்கு 100 வரும். உண்மையிலேயே 70 டிகிரி பயணம் உள்ளே நடந்திருந்தால் மேலே 34 மில்லிஆம்பியர்தான் மிஞ்சும். பெரிய சுருளாக, காரின் உடம்புக்கு நெருக்கமாகக் கட்டியிருந்தால் கசிவு கூடி மேலே இன்னும் குறையும். எனவே இரண்டு பேர் இரண்டு காயிலை அளந்து இரண்டு விடை சொன்னால் இருவரும் நேர்மையாக அளந்தவர்களாகவே இருக்கலாம்.

இன்னொரு பொறி நானோவிஎன்ஏ. சிக்னலை அனுப்பி அதன் அளவையும் கட்டத்தையும் அளக்கும் கையடக்கமான, விலை மலிவான இந்தக் கருவி இன்று பல ஹாம்களிடம் இருக்கிறது. காயிலின் ஒரு முனையை ஒரு துளையிலும் மறு முனையை மற்றொரு துளையிலும் இணைத்து, கடந்து வரும் சிக்னலின் கட்டத்தைப் பார்த்தால் 84 டிகிரி பின்தங்கியதாகக் காட்டும். முதல் கட்சிக்காரருக்குக் கொண்டாட்டம். "70 என்ன, 84 டிகிரி தாமதம் இருக்கிறது!"

அந்த 84 எப்படி வந்தது? கருவியின் இரண்டு துளைகளும் 50 ஓம், மொத்தம் 100. அதோடு தொடராக 1000 ஓம் மின்மறுப்பு. அந்த விகிதமே கட்டத்தை 84 டிகிரி சாய்த்துவிடும். தாமதமே இல்லாத புள்ளிக் காயிலும் இதே 84-ஐக் காட்டும். நம்பாவிட்டால் அதிர்வெண்ணைப் பாதியாக, 3.55 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கிப் பாருங்கள். உண்மையான பயணத் தாமதம் என்றால் சுழற்சி இரண்டு மடங்கு நீண்டுவிட்டதால் டிகிரியும் பாதியாகி 42-க்கு வர வேண்டும். கருவி காட்டுவதோ 79. தாமதம் என்றால் அதிர்வெண்ணுக்கு ஏற்ப டிகிரி ஏறி இறங்கியே தீரும். அசையாமல் 90-ஐ ஒட்டி நிற்கும் கட்டம் மின்மறுப்பின் கைவேலை. யாராவது காயில் தாமதத்தை அளந்ததாகச் சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: வேறொரு அதிர்வெண்ணில் எவ்வளவு காட்டியது?

சுருக்கமாக: ஆண்டெனாவில் வைத்து அளந்தால் நிலை அலை தாமதத்தை மறைத்துவிடும், மேசையில் வைத்து அளந்தால் மின்மறுப்பானது, இல்லாத தாமதத்தை இருப்பதுபோல் காட்டும். கட்டம் வேறு, நேரம் வேறு.

யாரும் பேசாத பெரிய தாமதம்

இத்தனை சண்டையும் 8 நானோ செகண்டா, 27 நானோ செகண்டா என்பதைப் பற்றியது. அந்த 8 நானோ செகண்டைவிட நூறு மடங்குக்கு மேல் பெரிய தாமதம் ஒன்று அதே ஆண்டெனாவில் இருக்கிறது, அதைக் கவனிப்பவர்கள் குறைவு.

தூளியை ஒரு விரலால் தாளத்தோடு தட்டிக்கொண்டே இருங்கள். முதல் தட்டிலேயே முழு ஆட்டம் வராது. பல தட்டுகளுக்கு அப்புறம்தான் முழு உயரத்துக்கு ஆடும். தட்டுவதை நிறுத்தினாலும் உடனே நிற்காது. காயிலும் விப்பும் சேர்ந்த அமைப்பு அப்படித்தான். எவ்வளவு ஆற்றலைத் தேக்கி வைத்து, ஒவ்வொரு சுழற்சியிலும் எவ்வளவு சிறிய பங்கை இழக்கிறது என்பதைக் காட்டும் எண்ணுக்குத் தரக் காரணி என்று பெயர். 1000 ஓம் மின்மறுப்பு, காயில் இழப்பும் நில இழப்பும் கதிர்வீச்சும் சேர்ந்து 16 ஓம் என்று கொண்டால் தரக் காரணி 60-ஐ ஒட்டி வரும். டிரான்ஸ்மிட்டர் பக்கத்தின் மின்தடையும் சேரும்போது பாதி வரை குறையலாம். அப்போதும் மின்னோட்டம் முழு அளவை எட்ட ஒன்று முதல் மூன்று மைக்ரோ செகண்ட் வரை பின்தங்கும். அதற்குள் ஏழு முதல் இருபது சுழற்சிகள் வரை கடந்துவிடும். சிக்னலில் ஏற்றிய பேச்சோ மோர்ஸோ உண்மையில் உணரும் தாமதம் இதுதான். இது காயிலுக்குள் பயணம் செய்ததால் வந்தது அல்ல, ஆற்றல் நிரம்ப எடுத்த நேரம்.

40 மீட்டர் பேண்டில் பேசும் குரலுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பேச்சுக்கு வேண்டியது மூன்று கிலோஹெர்ட்ஸ் அகலம், ஆண்டெனாவோ நூறு கிலோஹெர்ட்ஸுக்கு மேல் விட்டுக்கொடுக்கிறது. அதிர்வெண் இறங்க இறங்கக் கதை மாறும். ஸ்வீடனில் கிரிமெட்டன் என்ற ஊரில் 1924-ல் இயங்கத் தொடங்கிய நிலையம் ஒன்று 17.2 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்பியது. அலைநீளம் 17 கிலோமீட்டருக்கு மேல். அதற்குக் கோபுரங்களின் உயரம் 127 மீட்டர்தான், ஆறு கோபுரங்கள். குட்டை ஆண்டெனாக்களில் இதைவிடக் குட்டையைக் காண்பது அரிது. ஒவ்வொரு கோபுரத்தடியிலும் பெரிய காயில்கள் நிற்கின்றன. நீர்மூழ்கிக் கப்பல்களோடு தொடர்புகொள்ள நெல்லை மாவட்டம் விஜயநாராயணத்தில் இந்தியக் கடற்படை நடத்தும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையமும் இதே மிகத் தாழ்ந்த அதிர்வெண் வகையைச் சேர்ந்ததுதான். இங்கெல்லாம் ஆட்டம் எழும்பவும் அடங்கவும் அவ்வளவு நேரமாவதால் குரலை அனுப்ப வழியில்லை. கிரிமெட்டன் அனுப்பியது மோர்ஸ் மட்டுமே. 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமான பிறகும், ஆண்டுக்கு ஓரிரு நாள் அது உயிர்பெறும்போது கேட்பது அதே மெதுவான மோர்ஸ்தான்.

அந்தக் கோபுரங்களின் உச்சியில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீளமாகக் கிடைமட்டக் கம்பிகளை இழுத்துக் கட்டியிருப்பார்கள். மின்தேக்குத்திறனைக் கூட்டி ஸ்பிரிங்கின் விறைப்பைக் குறைக்கும் ஏற்பாடு அது. விப்பின் உச்சியில் சக்கர ஆரம் போலக் கம்பிகளை விரித்து ஹாம்கள் கேபாசிட்டி ஹேட் வைப்பதும் அதற்குத்தான். ஸ்பிரிங் தளர்ந்தால் எடை குறைவாகப் போதும். சுற்று குறைந்த காயிலில் இழப்பு குறையும், பேண்டுக்குள் சற்று நகர்ந்தாலும் எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனா டிரான்ஸ்மிட்டரோடு எவ்வளவு பொருந்தாமல் இருக்கிறது என்ற அளவு) சட்டென்று எகிறாது, ஆற்றல் நிரம்பும் நேரமும் குறையும். மொபைல் ஆண்டெனா கட்டுபவர்கள் காயிலுக்குள் எத்தனை டிகிரி என்று மல்லுக்கட்டும் நேரத்தில் உச்சியில் நாலு கம்பி விரித்தால் எதிர்முனையில் கேட்பவருக்கு வித்தியாசம் தெரியும்.